யாத்திரிகன் விட்டுவராத மொழி

எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகத்தைப் (1894) பேச வருவோர் பெரும்பாலும் கம்பனின் சாயல்களை எண்ணிக் காட்டுவதோடு அமைகின்றனர். ‘கிறித்தவக் கம்பர்’ என்னும் பட்டமே அவரை மறைத்துவிட்டது எனலாம்.

1678இல் வெளிவந்த ஜான் பனியனின் ஆங்கில நூலே இக்காப்பியத்தின் மூலம். பாவச்சுமையுடன் அழிவின் நகரை விட்டோடுகிறான் ஒருவன். பனியனின் பயணி ஊரைத் துறந்தால் போதும். கிருஷ்ணபிள்ளையின் நிலை வேறு. நெல்லைச் சீமையில், வைணவக் குடும்பத்தில் 1827இல் தோன்றி, 1858இல் ஞானஸ்நானம் பெற்றவர் அவர். சமயம் மாறிற்று, ‘நான் யார், எதற்காகப் பிறந்தேன்’ என்று இறைவன்முன் கேட்க அவருக்கு வாய்த்ததோ ஆழ்வாரும் நாயன்மாரும் பழக்கிய மொழியே. கதையோட்டத்தை நிறுத்தி, இடையிடையே தேவாரம் என்னும் பெயராலேயே பதிகங்கள் பாடுகிறார். வைணவராய்ப் பிறந்தவர் சைவர் வழங்கிய பெயரை எடுத்துக்கொண்டது கருதத்தக்கது. தன்னைத் தானே நொந்து இறைஞ்சும் அவ்விடங்களில் யாத்திரிகனும் புலவரும் ஒருவராகின்றனர்.

காப்பிய மரபுக்காக நீளும் வருணனைகள் அத்தகையன அல்ல. முதுகில் சுமையோடு ஓடுகிறவனுக்கு நின்று காட்சி காண நேரமேது? பனியன் விரித்துரைக்காத கிறிஸ்துவின் பாடுகளைச் சேர்த்ததோ மிகையன்று. சுமை கழன்று விழுமிடம் சிலுவையடி. அங்கே துன்புற்றவர் யாரெனச் சொல்லாமல் கடந்துசெல்ல அவரால் இயலவில்லை.