அலமாரியை வாசிப்பவர்கள்

பினாங்கில் 1817இலேயே நூலகம் வந்துவிட்டது. இன்று அங்கே ஜார்ஜ் டவுனில் பொது நூலகத்துக்குத் தொண்டூழியராகப் போகிறவர் செய்யக்கூடிய வேலைகளில் எனக்குப் பிடித்தது, பார்க்க ஒன்றுமில்லாததுபோல் இருக்கும் ஒன்று: அலமாரியை வாசிப்பது. புத்தகத்தை அல்ல, முதுகில் ஒட்டிய எண் சீட்டை. தலையைச் சாய்த்தபடி, வரிசை சரிதானா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். இடம் மாறிய புத்தகம் தொலைந்த புத்தகம்தான். கணினி ‘இருக்கிறது’ என்று சாதிக்கும்; வாசகர் வெறுங்கையோடு திரும்புவார்.

அந்த எண்களைத் தரும் டூயி தசம முறையில் தமிழ் இலக்கியத்துக்கு 894.811, சீன இலக்கியத்துக்கு 895.1. ஜார்ஜ் டவுனின் மார்க்கெட் ஸ்திரீட்டும் சைனா ஸ்திரீட்டும்போல அக்கம்பக்கம்! மலாய்க்கு 899.28 வரை நடக்க வேண்டும். அது ஏனோ, டூயிக்கே வெளிச்சம்.

தமிழ் வரிசைக்குத்தான் அதிகப் பொறுமை தேவை. கவிதைத் தொகுப்புகள் பல மெலிசு, முதுகே கிடையாது. சீட்டு முன்னட்டையில் இருக்கும், உருவினால்தான் எண் தெரியும். அடுத்தது தலைப்பெழுத்துத் தொல்லை. எழுத்தாளர் மு. வரதராசனை ‘மு’வில் வைப்பதா, ‘வ’வில் வைப்பதா? எதைப் பிடித்தாலும் சரி, எல்லாப் பிரதிக்கும் அதையே பிடிக்க வேண்டும்.

நூலக அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் சென்னையில் வெளியிட்ட ஐந்து நூலகவியல் விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. அதைக் கையால் செய்கிறவர்கள் இந்தத் தொண்டூழியர்கள். புத்தகங்களை இறுக்கித் திணிக்காமல், விரல் நுழைய இடம்விட்டு நிறுத்துவதிலேயே கைப்பழக்கம் தெரியும்.

நாம் செய்யக்கூடிய உதவி ஒன்றுதான்: எடுத்த புத்தகத்தை நல்லெண்ணத்தில் எங்காவது செருகாமல், தள்ளுவண்டியில் விட்டுவிடுவது.