சாக்கு யார் வீட்டுச் சொல்?

தியாகராய நகரில் நாம் நன்கறிந்த குடும்பம் ஒன்று உண்டு. அவ்வீட்டுச் சிறுமி பள்ளியில் எழுதிய கட்டுரையொன்றை அவளுடைய வாப்பா நம்மிடம் கொண்டுவந்து காட்டினார். நோன்புப் பெருநாளைப் பற்றிய கட்டுரை அது. தொழுகைக்குப் புறப்படுமுன் ஏழைகளுக்குப் பித்ரா கொடுப்பதற்காக வீட்டின் முன்கூடத்தில் இரண்டு சாக்கு அரிசி வைத்திருந்ததையும், உம்மா படியால் அளந்து கொடுக்கத் தான் பைகளைப் பிடித்துக்கொண்டு நின்றதையும் அச்சிறுமி அழகாக எழுதியிருந்தாள். ஆசிரியர் ‘சாக்கு’ என்னும் சொல்லைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, ‘அயற்சொல், கோணி என்று எழுதுக’ என ஓரத்தில் குறித்திருந்தார். ‘பித்ரா’வைச் சுற்றியும் அதே சிவப்பு வட்டம். “அப்படியென்றால் நம்ம வீட்ல பேசறது தமிழ் இல்லையா வாப்பா?” என்று அவள் கேட்டாளாம். அந்தக் கேள்வியோடுதான் அவர் நம்மிடம் வந்திருந்தார்.

ஆசிரியரைப் பழிப்பது நம் நோக்கமன்று. 1916ஆம் ஆண்டளவில் மறைமலையடிகள் தொடங்கிவைத்த தனித்தமிழ் இயக்கத்தின் பயனை இன்று நாம் எல்லாரும் துய்த்து வருகிறோம். வடசொல் மலிந்த மணிப்பிரவாள நடையிலிருந்து தமிழ் உரைநடை மீண்டதற்கு அவ்வியக்கமும் ஒரு காரணம். ஆயினும், நல்ல நோக்கத்தோடு தொடங்கிய ஒரு தேர்வு, சொல்லின் வரலாற்றை ஆராயாமல் சிவப்பு மையை மட்டும் நம்புமானால், அது திறனாய்வுக்குரியதாகிறது. ‘சாக்கு’ என்னும் ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு அத்தேர்வை நாம் இங்கே தேர்ந்து பார்ப்போம்.

முதலில், ஆசிரியர் தந்த மாற்றுச் சொல்லையே எடுத்துக்கொள்வோம். ‘கோணி’ பழமையான சொல் என்பதில் ஐயமில்லை. ஆனால் அது வடமொழியிலும் பழமையானது. கிறித்துவுக்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்ட பாணினியின் இலக்கணத்திலேயே ‘கோணீ’ என்னும் சொல்லுக்கு விதி வகுக்கப்பட்டுள்ளது. ஆங்கிலேயரும் இந்நாட்டிலிருந்து அதனையே கொண்டுசென்று தம் நாவுக்கேற்பத் திரித்து, சணற்பைக்குப் பெயராக வழங்குகின்றனர். ஆகவே, அயலுறவு இருப்பதே குற்றமானால், சாக்கைத் தள்ளிவிட்டுக் கோணியைக் கொள்வது ஒரு குற்றத்தை விட்டு மற்றொன்றைக் கொள்வதாகவே முடியும். ‘பை’ என்பது நம் சொல்தான். ஆனால் எழுபத்தைந்து கிலோ அரிசியைச் சுமப்பது பையன்று என்பதை அரிசி மண்டியில் நிற்கும் எந்தத் தொழிலாளியும் அறிவார்.

இனிச் ‘சாக்கு’ வந்த வழியைக் காண்போம். அதன் வேர் அரபு மொழியின் உறவினங்களில் இருக்கிறது. பண்டைய பாபிலோனிய நாட்டு அக்காத் மொழியில் ‘ஸக்கு’ என்றும், எபிரேயத்தில் ‘ஸக்’ என்றும் அது வழங்கியது. முரட்டுத் துணி, அத்துணியால் தைத்த பை ஆகிய இரண்டும் அதன் பொருள். இம்மொழிகளைப் பேசிய வணிகர்களிடமிருந்து கிரேக்கர் அதனை ‘ஸக்கோஸ்’ என்று பெற்றனர். கிரேக்கரிடமிருந்து உரோமர் ‘ஸக்குஸ்’ என்று பெற்றனர். இலத்தீனிலிருந்து ஐரோப்பிய மொழிகள் பலவும் அதனைப் பங்கிட்டுக்கொண்டன. போர்த்துக்கீசியரின் ‘ஸாக்கோ’வும் ஒல்லாந்தரின் ‘ஸக்’கும் ஆங்கிலேயரின் ‘சாக்’கும் அவ்வாறு பிறந்த உடன்பிறப்புகளே.

இச்சொல் தமிழ்க் கரையில் இறங்கியது எவருடைய கப்பலிலிருந்து? இதில் இரு கருத்துகள் உண்டு. போர்த்துக்கீசியர் 1520களில் மயிலைக் கடற்கரையில் குடியேறிச் சாந்தோம் நகரை அமைத்தனர். சாவி, சன்னல், மேசை, அலமாரி, ஏலம், பீப்பாய் என்று இன்று நம் வீட்டிலும் கடையிலும் புழங்கும் சொற்கள் அவர்கள் மொழியிலிருந்து வந்தவை. அவர்கள் நாவில் இறுதி ஓகாரம் உகரமாகத் தேய்வதால், ‘ஸாக்கோ’ தமிழ்ச் செவியில் ‘சாக்கு’ என்றே விழும். ஒலியை வைத்துப் பார்த்தால் போர்த்துக்கீசியர் பக்கமே வழக்கு வலுக்கிறது.

ஒல்லாந்தரோ 1610இல் பழவேற்காட்டில் கால்கொண்டு, 1613இல் அங்கே கெல்திரியாக் கோட்டையை முடித்தவர்கள். 1658இல் நாகப்பட்டினத்தையும் தூத்துக்குடியையும் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றினார்கள். 1674இல் சாந்தோமிலிருந்து பிரெஞ்சுக்காரரை வெளியேற்றக் கோல்கொண்டாப் படைக்குத் துணைநின்றவர்களும் அவர்களே. அவர்கள் மொழியில் ‘ஸக்’ என்பதற்கு மூட்டைப் பை, சட்டைப்பை என இரு பொருளும் உண்டு. சிங்களத்தில் ‘சாக்குவ’ என்றால் இன்றும் சட்டைப்பைதான். இலங்கையில் இப்பொருள் ஒல்லாந்தர் வழியே நிலைத்ததென்றால், அதே கப்பல்கள் வந்துபோன தமிழ்க் கரையில் அவர்கள் பங்கு இல்லையென்று கூறுவது அரிது. பொருளை வைத்துப் பார்த்தால் ஒல்லாந்தர் பக்கம் வழக்கு வலுக்கிறது.

நம் கருத்து இதுவே: ஒரே இலத்தீன் தாயின் இரு பிள்ளைகள், ஒருவர் பின் ஒருவராக, ஒரே கரையில் இறங்கினர். முதல்வர் விதைத்ததை அடுத்தவர் உறுதிப்படுத்தினர்; பின்னர் வந்த ஆங்கிலேயர் அதற்கு முத்திரையிட்டனர். இங்கேதான் நம் அகராதி முறையின் குறையும் தென்படுகிறது. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும், 1939இல் பின்னிணைப்பாகவும் வெளியிட்ட தமிழ் லெக்சிகன், 1926 முதல் வையாபுரிப்பிள்ளை பதிப்பாசிரியராயிருந்து நிறைவேற்றிய அரும்பணி. அயற்சொற்களின் எதிரே அவை வந்த மொழியைச் சுருக்கக் குறியால் காட்டும் நேர்மை அதற்கு உண்டு. எனினும் அக்குறி கடைசியாகக் கடன் தந்தவனின் பெயரை மட்டுமே காட்டுகிறது. அவன் எவரிடம் பெற்றான், அவருக்கு முன் எவர் வைத்திருந்தார் என்பதை அது காட்டுவதில்லை. குறியை மட்டும் கண்டு வட்டமிடுகிறவர், மூவாயிரம் ஆண்டுப் பயணத்தின் கடைசிக் காதத்தை மட்டுமே கண்டவராகிறார்.

போர்த்துக்கீசியர் நம் முன்னோரிடம் நண்பராக வந்தவரல்லர் என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும். மரைக்காயர்களின் கடல் வாணிகத்தைப் பறிக்க வந்தவர்கள் அவர்கள். ஒல்லாந்தரோடும் வாணிகம் பாதி, பிணக்குப் பாதி. உமறுப் புலவரை ஆதரித்த வள்ளல் சீதக்காதியின் காலம் அது. ஆயினும் கடலில் பகை நிலவியபோதும், கரையில் அரிசியும் மிளகும் ஏறியிறங்கிய மூட்டைகளோடு சொல்லும் ஏறியிறங்கியது. சண்டையிட்டவர்கள் போய்விட்டனர், சாக்கு நம்மிடம் தங்கிவிட்டது.

இச்சொல்லின் பயணத்தில் ஓர் அரிய வட்டமும் உண்டு. யூசுபு நபி (அலை) அவர்களின் வரலாற்றை நாம் அனைவரும் அறிவோம். பஞ்ச காலத்தில் தானியம் வாங்க வந்த சகோதரர்களின் சுமையில் அவர்கள் கொடுத்த கிரயத்தையே திரும்ப வைக்கச் செய்ததும், பின்னர் இளையவரின் பொதியிலிருந்து அரசரின் பாத்திரம் எடுக்கப்பட்டதும் திருமறையின் 12ஆம் அத்தியாயத்தில் வருகின்றன. திருமறை அங்கே ‘ரஹ்ல்’, ‘விஆ’ என்னும் அரபுச் சொற்களை ஆளுகிறது. அதே வரலாற்றைக் கூறும் யூதரின் எபிரேய நூலில் ‘ஸக்’ என்னும் சொல் வருகிறது. கிறித்தவர்கள் அப்பகுதியைத் தமிழில் பெயர்த்தபோது ‘சாக்கு’ என்றே எழுதினார்கள். கீழ்த்திசையிலிருந்து புறப்பட்ட சொல் கிரேக்கம், உரோமாபுரி, ஐரோப்பா எல்லாம் சுற்றி, மயிலைக் கரையேறி, தான் தொடக்கத்தில் இருந்த அதே கதைக்குள் தமிழுடை தரித்து மீண்டும் நுழைந்திருக்கிறது! அதனை அயலென்று விரட்டுவதற்கு முன் ஒரு கணம் வியந்து நிற்க வேண்டாமா?

சாக்கைப் பொறுத்தவரை அரபு மொழியின் அனுபவமும் இதுவே. சாக்குக்கு அரபியர் வழங்கிய சொற்களில் ஒன்று ‘ஜுவாலிக்’. இது அவர்கள் சொல்லன்று, பாரசீகத்திலிருந்து பெற்றது. அதே பாரசீகச் சொல் துருக்கியில் ‘சுவால்’ ஆயிற்று. உஸ்மானியத் துருக்கியரின் ஆட்சி ஐரோப்பாவில் பரவியபோது அவர்களோடு சென்று, பல்கேரியர் முதலான சிலாவிய இனத்தவர் மொழிகளிலும் குடியேறியது. 1878இல் துருக்கிய ஆட்சியிலிருந்து விடுபட்ட பின் பல்கேரியரும் துருக்கிச் சொற்களைக் களைய முனைந்தனர். ஆட்சிச் சொற்கள் பல போயின. ஆனால் ‘சுவால்’ போகவில்லை. உழவனின் தோளில் இருந்த சாக்கை எந்தச் சீர்திருத்தவாதியாலும் இறக்கி வைக்க முடியவில்லை.

பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பாக்தாதில் ஒரு பேரறிஞர் வாழ்ந்தார். நிழாமிய்யாக் கல்விக்கூடத்தில் மொழி கற்பித்த அவர், அரபியில் கலந்துள்ள அயற்சொற்களைத் தொகுத்து ‘அல்முஅர்ரப்’ என்னும் நூலை இயற்றினார். அவர் பெயர் அபூ மன்சூர் அல்ஜவாலீக்கி. ‘ஜவாலீக்கி’ என்றால் சாக்குக்காரர் என்று பொருள்! அரபியின் அயற்சொற்களைக் கணக்கெடுத்த அறிஞரின் பெயரே அரபியாகிவிட்ட ஓர் அயற்சொல்லில் அமைந்திருக்கிறது. தம் பெயரைச் சுற்றி அவர் சிவப்பு வட்டம் இடவில்லை.

திருமறையிலேயே அயற்சொற்கள் உளவா என்ற வினா நம் முன்னோரிடையே எழுந்ததுண்டு. இமாம் ஷாபிஈ (ரஹ்) போன்றோர் இல்லையென்றனர். வேறு சிலர் உண்டென்றனர். ஹிஜ்ரி 224இல் மறைந்த அபூ உபைத் அல்காஸிம் இப்னு ஸல்லாம், இருதரப்பும் மெய்யே என்று இணக்கம் கண்டார். அச்சொற்கள் மூலத்தால் பிற மொழிக்குரியவை. அரபியர் அவற்றைத் தம் நாவில் இட்டு, தம் ஒலிக்கேற்ப மாற்றி வழங்கியதால் அரபியாகிவிட்டன. திருமறை இறங்கியபோது அவை அரபியாகவே இருந்தன. அயல் என்றவரும் பொய்யுரைக்கவில்லை, அரபி என்றவரும் பொய்யுரைக்கவில்லை. சொற்களைப் பற்றி இதைவிடத் தெளிவான தீர்ப்பை நாம் கண்டதில்லை. தொல்காப்பியர் திசைச்சொல்லுக்கும் வடசொல்லுக்கும் செய்யுளில் இடம் வகுத்து, வடசொல்லைத் தமிழெழுத்துக்கேற்ப அமைக்கச் சொன்னதும் இதே நெறியே.

இத்தீர்ப்பிலிருந்து மூன்று உரைகற்களை நாம் எடுத்துக்கொள்ளலாம். சொல்லுக்குத் தேவை இருந்ததா? நம் ஒலிக்கு இணங்கியதா? நம் சொற்களோடு உறவு கொண்டதா? சாக்கு மூன்றிலும் தேறுகிறது. கடல் வாணிகத்தின் பெருமூட்டைக்குப் பெயர் வேண்டியிருந்தது. ககரம் இரட்டித்து, குற்றியலுகரத்தில் முடிந்து, ‘பாக்கு’, ‘நாக்கு’ என்பவற்றோடு ஓரணியில் நிற்கிறது. சாக்கை, சாக்கில், சாக்குகள் என வேற்றுமையும் பன்மையும் ஏற்கிறது. சாக்குப்பை, சாக்குமூட்டை எனத் தமிழ்ச் சொல்லைக் கைப்பிடிக்கிறது. இன்று சணல் குறைந்து நெகிழி வந்தபோதும் ‘பிளாஸ்டிக் சாக்கு’ என்றே மக்கள் சொல்கிறார்கள். பொருள் மாறியும் சொல் மாறவில்லை.

மயிலாப்பூரில் மார்கழி இசை விழாவில் ‘கச்சேரி’ கேட்பவர் எவரும் அது அலுவலகத்துக்கும் வழக்குமன்றத்துக்கும் வழங்கிய இந்துஸ்தானிச் சொல் என்று எண்ணுவதில்லை. அங்குள்ள கச்சேரி சாலையின் பெயரில் மட்டும் அப்பழம்பொருள் எஞ்சியிருக்கிறது. மூஸா நபி (அலை) தம் கையை நுழைத்ததாகத் திருமறை கூறும் ‘ஜைப்’ என்னும் சட்டைத் திறப்பே நம் ‘ஜேப்பு’ம் ‘ஜேப்படி’யும் ஆயிற்று. நம் காப்பியத்தின் பெயர் சீறாப்புராணம். ‘சீறா’ அரபு, ‘புராணம்’ வடமொழி. பெயரின் இரு பாதியும் கடன். ஆனால் அது தமிழ்க் காப்பியம் அன்று என்று கூறத் துணிபவர் யார்? 1572இல் வண்ணப்பரிமளப் புலவர் தந்த ஆயிர மசலா முதலாக, மசலா, கிஸ்ஸா, நாமா, முனாஜாத்து என்பன தமிழ் இலக்கிய வகைகளாகவே நிலைபெற்றுவிட்டன.

இதே உரைகற்களை நம் பக்கமும் திருப்பிப் பார்ப்பதே நேர்மை. நம்மவரில் சிலர் அரபுச் சொல் மிகுந்தால் மார்க்கப் பற்று மிகும் என்று எண்ணி எழுதுகிறார்கள். ஒரு பெரியவர் ‘வருகை தந்தார்கள்’ என்று எழுதத் தமிழில் என்ன பஞ்சம், ‘தஷ்ரீப்’ கொண்டுவர? அது தேவைக்கு வந்த சொல்லன்று, ஒப்பனைக்கு வந்த சொல். சாக்கு சுமந்து இடம்பெற்றது; தஷ்ரீப் சும்மா வந்து நடுக்கூடத்தில் அமரப் பார்க்கிறது. ‘பித்ரா’ அப்படியன்று. அக்கடமைக்குத் தமிழில் வேறு பெயர் இல்லை. பகர ஒலியை ஏற்றுக்கொண்டது. ‘பித்ராவை’, ‘பித்ரா அரிசி’ என்று நம் சொல்லோடு பழகிவிட்டது.

அச்சிறுமியின் வாப்பாவிடம் நாம் சொன்னது இதுதான்: “பிள்ளையிடம் சொல்லுங்கள், அவள் எழுதியது தமிழே. அந்தச் சாக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் வெட்கப்படாமல் கதையைச் சொல்லட்டும். யாருடையது என்று கேட்டால் தயங்காமல் நம்முடையது என்று சொல்லட்டும்.” ஆசிரியரையும் ஒரு நாள் வீட்டுக்கு அழைக்குமாறு கூறியிருக்கிறோம். அடுத்த பெருநாளில் அதே முன்கூடத்தில் சாக்கு பிரிக்கப்படும்போது அவரும் அருகிருந்து காணலாம். பித்ரா பெற வந்து நிற்கும் ஏழை, அரிசியைச் சுமந்து வந்த சொல்லின் குலம் கேட்பதில்லை.