கிறுக்கனும் பரிசல்காரரும்

'கீக்' என்பது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கத் திருவிழாக்களில் உயிர்க்கோழியின் தலையைக் கடித்துக் காட்டிப் பிழைத்தவனைக் குறித்த சொல். கணிப்பொறி காசானதும், 'ஆமா, நான் கம்ப்யூட்டர் கிறுக்கன்தான்' என அதே வசை பெருமிதமாயிற்று. இதை எதிர்ச்சொல்லாடல் என்று கொண்டாடுவோர் கவனிக்க: 1893இல் இரட்டைமலை சீனிவாசன் தம் பத்திரிகைக்குப் 'பறையன்' என்று பெயரிட்டபோது எந்தச் சந்தையும் முதுகில் தட்டிக்கொடுக்கவில்லை.

ஒகேனக்கல்லுக்கு வாருங்கள். பரிசல் ஓட்டுகிறவர் காவிரியின் சுழிகளையும் பாறைகளையும் நீர்மட்டத்தோடு சேர்த்து மனப்பாடமாக வைத்திருக்கிறார். இதுவும் அதே பித்துதான்; ஊர் வைத்த பெயர் 'பொழப்பு'. வெள்ளத்தில் பரிசலுக்குத் தடை விழுந்தால் அந்த அறிவுக்கு அன்றைக்குக் கூலியில்லை. கிறுக்கைச் சொல்லிப் பெருமைப்படச் சம்பளமும் சாதியும் துணைநிற்க வேண்டியிருக்கிறது. சிறுபத்திரிகைக் கிறுக்கர்கள் நாம எந்தப் பக்கம்?