மேற்கோளும் மதிப்பெண்ணும்

மாங்குளம் சந்தியில் நிற்கும் மாணவன் ஒருவனுக்கு உயர்கல்வி இன்று எட்டாத் தொலைவில் உள்ளதன்று. கண்டி வீதி வழியே வடக்கு நோக்கிச் சென்றால், கிளிநொச்சிக்கு இப்பால் அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியற் பீடமும் உள்ளன. தெற்கே, 2021ஆம் ஆண்டில் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்த வவுனியாப் பல்கலைக்கழகம் உளது. கிழக்கே ஒட்டுசுட்டான் ஊடாக முல்லைத்தீவுக்கும், மேற்கே மல்லாவி, துணுக்காய்ப் பகுதிகளுக்கும் செல்லும் வீதிகளின் இருமருங்கும், முறையான ஆராய்ச்சியை வேண்டி நிற்கும் குளங்களும் ஊர்ப்பெயர்களும் வழக்காறுகளும் நிறைந்துள்ளன. ஆராய்தற்குரிய பொருளும் ஆராய்ச்சிக்குரிய நிலையமும் இவ்வாறு அணித்தே அமைந்திருந்தும், அவை ஒன்றையொன்று சேர்வது மூன்றாவதொன்றைச் சார்ந்து நிற்கின்றது. ஆராய்ச்சியின் பெறுமதியை அளத்தற்கு இன்று கையாளப்படும் அளவுகோலே அது.

அவ்வளவுகோல் யாதெனின், ஒரு கட்டுரையைப் பிற கட்டுரைகள் எத்தனை முறை மேற்கோளாக எடுத்தாண்டுள்ளன என்னும் எண்ணிக்கையாம். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் நிறுவனம் அமைத்த இயூஜீன் கார்பீல்ட் என்பார் 1964ஆம் ஆண்டில் அறிவியல் மேற்கோட் சுட்டியைப் பரவலாக வெளியிட்டார். அதன் வழிவந்ததே வெப் ஒவ் சயன்ஸ் என்னும் களஞ்சியம். 2004ஆம் ஆண்டில் எல்செவியர் நிறுவனத்தின் ஸ்கோப்பஸ் களஞ்சியமும் கூகிள் ஸ்கொலரும் தோன்றின. இக்களஞ்சியங்களிலிருந்து இரு எண்கள் பெரிதும் எடுத்தாளப்படுகின்றன. ஒன்று, சஞ்சிகையின் தாக்கக் காரணி. ஒரு சஞ்சிகை கடந்த இரண்டு ஆண்டுகளில் ஐம்பது கட்டுரைகளை வெளியிட, அவை இவ்வாண்டில் நூறு முறை எடுத்தாளப்பட்டிருப்பின், அதன் தாக்கக் காரணி இரண்டு ஆகும். மற்றையது, 2005ஆம் ஆண்டில் ஹேர்ஷ் என்னும் பௌதிகவியலறிஞர் முன்வைத்த எச்-சுட்டெண். ஓர் ஆய்வாளரின் கட்டுரைகளுள் பத்து, ஒவ்வொன்றும் குறைந்தது பத்து முறையேனும் எடுத்தாளப்பட்டிருந்து, பதினொரு கட்டுரைக்கு அவ்வாறு கூற இயலாதாயின் அவருடைய எண் பத்தாம். உலகப் பல்கலைக்கழகத் தரவரிசைகளிற் பெயர்பெற்ற சில மேற்கோட் கணக்கை ஸ்கோப்பஸிலிருந்தே பெறுகின்றன. இலங்கையிலும் பேராசிரியர் பதவி உயர்வுக்கான புள்ளித் திட்டத்திற் கட்டுரை வெளிவந்த சஞ்சிகையின் நிலை கருதப்படுகின்றது. ஆகவே இவ்வெண்கள் தொலைநாட்டுச் செய்தியாக அமைவன அல்ல.

மேற்கோட் சுட்டி முதலில் எதற்காக அமைக்கப்பட்டது என்பது ஈண்டு நினைக்கத் தக்கது. கார்பீல்ட் இக்கருத்தை 1955ஆம் ஆண்டில் ஒரு கட்டுரையாக எழுதியபோது, ஆசிரியர்களுக்கு மதிப்பெண் வழங்குவது அவருடைய முதல் நோக்கமாயிருக்கவில்லை. பழைய கட்டுரையொன்றை நம்பி மேற்செல்லும் ஆய்வாளன், அதனைப் பிறர் மறுத்துள்ளனரா, திருத்தியுள்ளனரா என்பதை அறிந்துகொள்ள வழியமைத்தலே அவர் விரும்பியதாகும். அவருக்கு முன்மாதிரியாக இருந்தது, 1873ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பிராங் ஷெப்பர்ட் தொடங்கிய சட்டத் தீர்ப்புச் சுட்டி. ஒரு தீர்ப்பைப் பின்வந்த நீதிமன்றங்கள் ஏற்றனவா, மாற்றினவா, தள்ளினவா என்பதை அச்சுட்டி குறியீடுகளாற் காட்டியது. வழக்கறிஞர்க்கு வேண்டியது எத்தனை முறை என்பதன்று, எவ்வாறு என்பதே. இன்று பதவி உயர்வுக் குழுக்களின் மேசைக்கு வரும் எண்ணிலோ, ‘எத்தனை’ மாத்திரம் எஞ்சியுள்ளது, ‘எவ்வாறு’ உதிர்ந்துவிட்டது.

இவ்விழப்பின் அளவைத் தமிழ்க் கல்வி மரபில் ஊறியவர் எளிதில் உணர்வர். மேற்கோள் தமிழுக்குப் புதியதன்று. தொல்காப்பியர் தமக்கு முந்தியோர் கொள்கையை ‘என்ப’ என்று சுட்டிச் சென்றார். உரையாசிரியர்கள் மேற்கோளை மூவகைப் பயன் கருதி ஆண்டனர். ஏற்றுக்கொண்டு தம் கூற்றை வலியுறுத்தல் ஒன்று. எடுத்துக்காட்டி மறுத்தல் மற்றொன்று. சேனாவரையர் இளம்பூரணர் உரையைப் பல இடங்களில் இவ்வாறே எடுத்து மறுத்துள்ளார். மூன்றாவது, அவர்கள் எண்ணாமலே விளைந்த பயன்: அழிவினின்று காத்தல். வளையாபதி, குண்டலகேசி, தகடூர் யாத்திரை முதலிய நூல்களிற் சில செய்யுள்களேனும் இன்று கிடைப்பது, உரைகளும் புறத்திரட்டு முதலிய தொகைகளும் அவற்றை எடுத்தாண்டமையாலேயாம்.

இம்மூன்றையும் ஒன்றாகக் கூட்டினால் விளைவது யாது? வைத்தியநாத தேசிகரின் இலக்கண விளக்கத்தை மறுத்தற்கென்றே சிவஞான முனிவர் இலக்கண விளக்கச் சூறாவளியை இயற்றினார். அம்மறுப்பு நூலில் இலக்கண விளக்கம் எடுத்துக்காட்டப்படும் ஒவ்வோரிடத்தையும் ஒரு மதிப்பெண்ணாகக் கணினி எண்ணுமாயின், மறுப்பு வளர வளர மறுக்கப்பட்ட நூலின் பெருமையும் வளரும். மறுக்கத்தக்க அளவுக்கு ஒரு நூல் சிறந்தது என்பதும் ஓரளவு உண்மையே. ஆயினும் அதனைச் சொல்வதற்கு இரு நூலையும் கற்றவன் வேண்டும். எண் அதனைச் சொல்லாது.

இலங்கைத் தமிழர் வரலாற்றாராய்ச்சியிலேயே இதற்கோர் அண்மைக் காலச் சான்று உண்டு. கா. இந்திரபாலா 1965ஆம் ஆண்டில் இலண்டன் பல்கலைக்கழகத்துக்கு அளித்த ஆய்வேடு, இலங்கையில் திராவிடக் குடியேற்றங்களையும் யாழ்ப்பாண அரசின் தொடக்கத்தையும் பொருளாகக் கொண்டது. நெடுங்காலம் தட்டச்சுப் படியாகவே நின்ற அவ்வாய்வேட்டை, உடன்பட்டோரும் மறுத்தோரும் மீண்டும் மீண்டும் எடுத்தாண்டனர். பின்னர், 2005ஆம் ஆண்டில் ஆங்கிலத்திலும் 2006ஆம் ஆண்டில் ‘இலங்கையில் தமிழர்’ என்னும் பெயரிற் தமிழிலும் வெளிவந்த தம் நூலில், தொல்லியல் முதலிய துறைகளில் இடைக்காலத்திற் கிடைத்த சான்றுகளை நோக்கி, முன்னைய முடிபுகள் பலவற்றை அவரே மாற்றிக்கொண்டார். தன் முடிபைத் தானே திருத்திக்கொள்ளும் இந்நேர்மை ஆராய்ச்சி அறத்தின் உயர்ந்த நிலைகளுள் ஒன்று. மேற்கோட் கணக்கோ பழைய ஆய்வேட்டுக்கு ஒன்று, புதிய நூலுக்கு ஒன்று என்று கூட்டிச் செல்லுமேயன்றி, அவ்விரண்டுக்கும் இடையே நிகழ்ந்த அறிவு வளர்ச்சியைக் காட்டமாட்டாது.

இனி, எண்ணப்படுவனவற்றுள் தமிழ் எழுத்துக்கள் எவ்வளவு இடம் பெறுகின்றன என்பதை நோக்கலாம். ஸ்கோப்பஸிற் சேர விரும்பும் சஞ்சிகை, எம்மொழியில் வெளிவரினும், ஆங்கிலச் சுருக்கமும் உரோம எழுத்தில் அமைந்த மேற்கோட் பட்டியலும் தருதல் வேண்டும். தமிழ்நூல் ஒன்றின் பெயர் உரோம எழுத்தில் ஐவர் கையில் ஐந்து வடிவம் பெறும். ஆட்பெயரும் அவ்வாறே. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே கொண்டு தம் பெயரை எழுதுவது தமிழர் வழக்கு. குடும்பப் பெயரை நாடும் மேனாட்டுக் களஞ்சியம் ஓரிடத்தில் தந்தை பெயரையும் பிறிதோரிடத்தில் மகன் பெயரையும் தலைப்பாகக் கொள்ளும். ஒருவர் இருவராகவும், இருவர் ஒருவராகவும் கணக்கிலேறுவர். 2012ஆம் ஆண்டு முதல் வழங்கும் ஓர்சிட் என்னும் பதினாறு இலக்க அடையாளம் இக்குறையை ஓரளவு நீக்குகின்றது. ஆனால் அது பெயரை ஒழுங்கு செய்யுமேயன்றி, களஞ்சியத்தில் ஏறாத நூலை ஏற்றாது.

வன்னியைப் பற்றிய நூல்களைக் கொண்டு இதனை மேலும் தெளியலாம். ஜே. பி. லூயிஸ் என்னும் அரச அதிகாரி 1895ஆம் ஆண்டில் வெளியிட்ட வன்னி மாவட்டங்களின் கைந்நூல், குளங்கள், மக்கள், பயிர், நோய், காணி முறை ஆகிய எதனை ஆராய்வோரும் இன்றும் திறக்கவேண்டிய நூலாக உள்ளது. ஆர். எல். புரோகியர் 1934, 1935ஆம் ஆண்டுகளில் மூன்று பகுதிகளாக வெளியிட்ட பண்டைய நீர்ப்பாசன வேலைகள் பற்றிய நூலும், சி. எஸ். நவரத்தினம் 1960ஆம் ஆண்டில் வன்னியையும் வன்னியரையும் பற்றி எழுதிய நூலும் அத்தகையனவே. இவற்றுள் எதுவும் சஞ்சிகைக் கட்டுரையன்று. எனவே தாக்கக் காரணியென்பது இவற்றுக்கு இல்லை. இரண்டாண்டு எல்லைக்குள் விளைவை எதிர்பார்க்கும் கணக்கு, நூற்றாண்டு கடந்தும் பயன்தரும் நூலைக் காணும் ஆற்றல் அற்றது. நெல்லின் விளைச்சலைக் கணக்கிடும் முறையாற் பனையின் பயனை அளக்கப் புகுந்தால், முதற் சில ஆண்டுகளிற் பனை வீண் மரம் என்றே முடிவாகும்.

இதனால் நேரும் இழப்பு நூலாசிரியர்தம் பெருமையைச் சார்ந்ததாக மட்டும் இருப்பின் அதனைப் பொறுத்துக்கொள்ளலாம். உண்மையான இழப்பு, எழுதப்படாமற் போகும் நூல்களைச் சார்ந்தது. மாங்குளம், புளியங்குளம், கனகராயன்குளம் என ஊர்ப்பெயர்களே குளங்களாக அமைந்த நிலத்தில், எக்குளத்து நீரை எவ்வரிசையிற் பாய்ச்சினர், வரட்சிக் காலத்தில் வயலை எவ்வாறு பங்கிட்டனர், காட்டிலிருந்து எவற்றை மருந்தாகக் கொண்டனர் என்பவற்றை நேரே அறிந்தவர் முதியோரே. 2008, 2009ஆம் ஆண்டுகளின் போரில் இம்மக்கள் இடம்பெயர்ந்தபோது, வீட்டிலிருந்த உறுதிகளும் குறிப்பேடுகளும் பெரும்பாலும் அழிந்தன. எஞ்சியது நினைவு. அந்நினைவைத் தமிழில் கேட்டு, தமிழில் எழுதி, அவ்வூர் மக்கள் படித்துத் திருத்தத்தக்க வகையில் வெளியிடும் இளம் விரிவுரையாளர்க்குச் சுட்டியிற் கிடைப்பது பெரும்பாலும் சுழியமே. அதே காலத்தை வேறொரு நாட்டுச் சஞ்சிகை விரும்பும் பொருளிற் செலவிட்டால் அவருக்குப் புள்ளி உண்டு. இருவழியுள் எதனை அவர் தெரிவர் என்று கேட்டு, அவரைக் குறைகூறுதல் முறையன்று. அளவுகோலை அமைத்தவரே அதற்கு விடை கூறவேண்டியவர்.

எண்ணுக்குப் பரிசு வழங்கும் இடத்தில் எண்ணைச் செய்து விற்போரும் தோன்றுவர். இந்தியாவிற் பல்கலைக்கழக மானியக் குழு, பதவி உயர்வுக்கு ஏற்புடைய சஞ்சிகைகளின் பட்டியலொன்றை அமைத்தது. 2018ஆம் ஆண்டில் அப்பட்டியலிலிருந்து 4,305 சஞ்சிகைகளை அதுவே நீக்க நேர்ந்தது; தரமற்றவை, பணம் பெற்றுக் கட்டுரை அச்சிடுபவை எனப்பட்டவையும் அவற்றுள் அடங்கும். பின்னர் அமைத்த புதிய பட்டியலும் 2025ஆம் ஆண்டிற் கைவிடப்பட்டது. பட்டியல் நோக்கித் தரம் காணும் வழி, பட்டியலுள் நுழையும் வழியைத் தேடுதலாக மாறியதன் விளைவு இது.

எனினும் மறுதரப்பின் வாதத்திலுள்ள உண்மையை மறைத்தல் நடுவுநிலையாகாது. எண் இல்லாத காலத்தில் தகுதி ஒன்றே தேர்வை நடத்தியது என்று எவரும் கூறத் துணியார். ஊர், உறவு, சாதி, செல்வாக்கு என்பன தேர்வுக் குழுவின் அறைக்குள் அழையாமலே வந்து அமர்ந்ததுண்டு. பின்னணியற்ற ஏழை மாணவன் ஒருவன், ‘என் கட்டுரையை இத்தனை நாட்டார் எடுத்தாண்டனர்’ என்று காட்டுதற்கு இவ்வெண் துணையாயிற்று. மருத்துவம், இரசாயனம் போன்று உலகெங்கும் ஒரே வினாவை ஆராயும் துறைகளில், மேற்கோள் மிக்க கட்டுரையைத் தேடிப் படித்தல் காலத்தைச் சேமிக்கும் நல்வழியுமாகும். ஆகவே எண்ணை முற்றாக ஒதுக்குக என்பது தீர்வன்று. அதனை எந்த இடத்தில் வைப்பது என்பதே வினா.

உலக அறிஞரும் இம்முடிபையே நெருங்கியுள்ளனர். 2012ஆம் ஆண்டிற் சான் பிரான்சிஸ்கோவில் உருவான பிரகடனம், தனிமனிதரின் ஆய்வை மதிப்பிடச் சஞ்சிகையின் தாக்கக் காரணியைப் பயன்படுத்தலாகாது என்றது. 2015ஆம் ஆண்டில் வெளியான லைடன் அறிக்கை கூறும் பத்து நெறிகளுள் மூன்றாவது, அவ்வந்நிலத்துக்குரிய ஆராய்ச்சியின் சிறப்பைக் காத்தல் வேண்டும் என்பது. 2019ஆம் ஆண்டின் ஹெல்சிங்கி முன்முயற்சி, ஆராய்ச்சி பன்மொழிகளில் வெளிப்படுதலைப் பேணுமாறு வேண்டியது. இவை வன்னிக்கென எழுதப்பட்டவை அல்ல. ஆயினும் வன்னிக்குப் பொருந்துவன.

இந்நெறிகளைச் செயலாக்கத் தமிழ்க் கல்வியுலகம் செய்யத்தக்கன சில உள. முதலாவது, மதிப்பிடும் குழுவினர் விண்ணப்பதாரர் தெரிந்து தரும் மூன்று ஆக்கங்களையேனும் முழுமையாகப் படித்து, தம் முடிபுக்குரிய காரணத்தை எழுத்திற் பதிதல். செல்வாக்கைத் தடுக்கும் காவலாக எண் செய்யும் வேலையை, எழுதப்பட்ட காரணம் அதனினும் நன்றாகச் செய்யும். இரண்டாவது, தமிழ்ச் சஞ்சிகைகளும் கல்லூரி மலர்களும் தம் பழைய இதழ்களுக்குப் பொருளகராதியும் ஆசிரியர் அகராதியும் அமைத்தல். 2005ஆம் ஆண்டில் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகமும், 2008ஆம் ஆண்டு முதல் இயங்கும் இலங்கைச் சஞ்சிகைகளின் இணையத் தொகுப்பும் இதற்கு இடந்தருகின்றன. 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தமையை அறிந்த சமுதாயம், கிடைக்காத நூலை எவரும் மேற்கோள் காட்ட இயலாது என்பதை மறத்தல் கூடாது. மூன்றாவது, தமிழில் எழுதுவோர் தாம் பயன்படுத்திய தமிழ் ஆக்கங்களைப் பெயர் கூறி எடுத்தாளுதல். ஆங்கில நூலை அடிக்குறிப்பிற் சுட்டி, தமிழ் நூலிலிருந்து பெற்றதைப் பெயரின்றி விடும் வழக்கம் நிலவும் வரை, புறத்தார் கணக்கைக் குறைகூறுவதிற் பாதி நியாயமே உண்டு.

மேற்கோட் களஞ்சியம் நல்ல வழிகாட்டி. எந்நூலை யார் கற்றனர், எங்கே மறுத்தனர் என்று தேடிச் செல்வார்க்கு அது கதவைத் திறந்துவிடும். கதவின் மேல் எழுதிய இலக்கத்தைப் பார்த்துத் திரும்பிவிடுவோர்க்கு உள்ளிருப்பது புலனாகாது. மாங்குளத்து மாணவன் நாளை தன் ஊர்க் குளத்தின் வரலாற்றை எழுதிக் கொண்டுவரும்போது, அதனை எடுத்துப் படித்து, ‘இது சரி, இது பிழை, இதற்கு இன்னும் சான்று தேடுக’ என்று சொல்ல ஓர் ஆசிரியர் இருத்தல் வேண்டும். அவ்வாசிரியரை அவனுக்கு அளித்தலே பல்கலைக்கழகத்தின் கடன்; மதிப்பெண் அதற்குப் பின்னர் வரலாம்.