ஜோடியை முடிவுசெய்வது யார்?

பாட்மின்டன் உலகச் சுற்றின் மேல்நிலைப் போட்டிகளில் மொத்தப் பரிசுத் தொகையில் ஒற்றையர் சாம்பியனுக்கு 7 சதவீதம். இரட்டையர் சாம்பியன் ஜோடிக்கு 7.4 சதவீதம். இருவரும் பிரித்துக்கொண்டால் தலைக்கு 3.7 வரும். 2023 ஆல் இங்கிலாந்து ஓப்பன் போட்டியில் ஒற்றையர் பட்டம் வென்றவருக்கு 87,500 டாலர் கிடைத்தது. ஆடவர் இரட்டையரை வென்ற இந்தோனேசியர்கள் ஃபஜர் அல்ஃபியானுக்கும் ரியான் அர்டியான்டோவுக்கும் ஆளுக்கு 46,250. உலகச் சாம்பியன்ஷிப்பில் பரிசுப் பணமே கிடையாது. இரட்டையர் ஆட்டக்காரரின் தொழிலைப் பேச வந்தால் இந்தக் கணக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும். அவர் தேசிய முகாமின் சொல்லுக்கு ஏன் கட்டுப்படுகிறார் என்பதற்கான காரணத்தில் பாதி இதில் இருக்கிறது.

மீதிப் பாதி ஆட்டத்தின் தன்மையிலேயே உண்டு. ஒற்றையர் ஆட்டக்காரருக்கு ஒரு பயிற்சியாளரும் இரண்டு எதிராளிகளும் அமைந்தால் ஒருவாறு சமாளித்துவிடலாம். இரட்டையருக்கு நாள்தோறும் உலகத் தரத்தில் நாலைந்து ஜோடிகள் எதிரில் நிற்க வேண்டும். அப்படிப்பட்ட கூட்டம் கிழக்கு ஜகார்த்தாவின் சிபாயுங் முகாமில் இருக்கிறது. இந்தோனேசிய பாட்மின்டன் சங்கம் நடத்தும் இந்த முகாம் தங்குமிடம், சாப்பாடு, பயணம், மருத்துவம் என எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். பதிலுக்கு, யார் யாரோடு ஆடுவது என்பதையும் அதுவே முடிவுசெய்யும். கச்சேரிக்குப் பக்கவாத்தியம் யார் என்று சபா செயலர் தீர்மானிப்பதைப் போலத்தான். ஒரே வித்தியாசம், கச்சேரி மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும்.

இந்த வழக்கம் நல்லதா, கெட்டதா என்று எடைபோட ஹென்ட்ரா செட்டியவானின் வாழ்க்கையைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. மத்திய ஜாவாவின் பெமாலாங்கில் 1984 ஆகஸ்டில் பிறந்தவர். அதே மாதம் பிறந்த மார்கிஸ் கிடோவுடன் சேர்ந்து 2007இல் கோலாலம்பூரில் உலகப் பட்டம் வென்றார். மறு ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக் இறுதியில் உள்ளூர் ஜோடி சாய் யுன் – ஃபூ ஹைஃபெங்கிடம் முதல் கேமை 12–21 என்று கோட்டைவிட்டு, அடுத்த இரண்டையும் எடுத்துத் தங்கம் வென்றார்கள். இளம் வயதிலேயே இருவரைக் கண்டெடுத்து, ஒன்றாக வளர்த்து, இருபத்து நான்கு வயதையொட்டி ஒலிம்பிக் மேடையேற்றும் வேலையை இந்தோனேசிய அமைப்பு அளவுக்குத் தொடர்ந்து செய்துகாட்டிய நாடுகள் குறைவு. அந்தப் பெருமையை யாரும் குறைக்க முடியாது.

சிக்கல் அதற்குப் பிறகுதான். தங்கம் வென்ற ஓரிரு ஆண்டுகளில் இருவரும் முகாமைவிட்டு வெளியேறினார்கள். 2010 குவாங்சோ ஆசியப் போட்டியில் தங்கம் வென்றபோது அவர்கள் வெளியாட்கள். ஆனால் தனித்து நின்று ஆண்டு முழுவதும் ஒரே தரத்தில் ஆடுவது கடினம். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் நடப்புச் சாம்பியன்களின் பெயர் பட்டியலில் இல்லை. ஆடவர் இரட்டையரில் இந்தோனேசியாவுக்காகப் போன ஒரே ஜோடி முகமது அஹ்சானும் போனா செப்டானோவும். போனா, கிடோவின் தம்பி.

அந்த ஆண்டின் இறுதியில் முகாம் ஹென்ட்ராவைத் திரும்ப அழைத்து, போனாவிடமிருந்து அஹ்சானைப் பிரித்து, இருவரையும் சேர்த்தது. ஒரே முடிவில் அண்ணனும் தம்பியும் ஜோடி இழந்தார்கள். விளையாட்டுக் கண்ணோடு பார்த்தால் இது அந்தத் தலைமுறையின் மிகச் சிறந்த முடிவு. ஓராண்டுக்குள் குவாங்சோவில் உலகப் பட்டம், 2014இல் ஆல் இங்கிலாந்து, இஞ்சியோனில் ஆசியத் தங்கம், 2015இல் ஜகார்த்தாவிலேயே மீண்டும் உலகப் பட்டம். வெளியே இருந்து ஒரு நிபுணர் தைரியமாகச் சொல்லத் தயங்கும் பிரிவினையை முகாம் செய்தது, பலித்தது. முகாமின் ஆதரவாளர்கள் இந்த உதாரணத்தைத்தான் முதலில் எடுத்துப் போடுவார்கள். போடுவதில் நியாயம் உண்டு.

எதிர்ப்பக்கத்துக்கு 2016 ரியோ ஒலிம்பிக் போதும். அங்கே ஹென்ட்ரா – அஹ்சான் லீக் சுற்றோடு வெளியேறினார்கள். ஜோடி கலைந்தது. முப்பத்திரண்டு வயதில் ஹென்ட்ரா மீண்டும் முகாமுக்கு வெளியே வந்து, முன்பு தன் எதிராளியாக இருந்த மலேசியாவின் டான் பூன் ஹியோங்குடன் ஆடினார். முகாம் கணக்கில் எடுத்தது வயதைத்தான் என்று நினைக்கிறேன். இரட்டையரில் வயது எவ்வளவு பொருட்டு என்பதில் அது தப்புக்கணக்குப் போட்டது என்பேன்.

ஹென்ட்ரா சர்வீஸ் வாங்கிய விதத்தைக் கவனித்தால் காரணம் புரியும். ஷட்டில் நெட்டைத் தாண்டும்போதே மட்டையை உயரத்தில் ஏந்தி ஓரடி முன்வைத்துவிடுவார். ஓங்கி அடிக்க மாட்டார். நெட்டருகே நிற்பவருக்கு எட்டாமலும், பின்னால் நிற்பவர் பாய்ந்து வந்தாலும் முழங்கால் உயரத்தில்தான் எடுக்க முடியும் என்கிற அளவிலும், பக்கக்கோட்டை ஒட்டிய இடைவெளியில் தள்ளிவிடுவார். அங்கிருந்து எடுப்பவருக்கு உயரத் தூக்கிக் கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. தூக்கினால் பின்னால் அஹ்சான் தயாராக இருப்பார். கைதட்டல் ஸ்மாஷுக்கு, புள்ளியைச் சம்பாதித்தது இவர். முகத்திலோ ஒரு சலனமும் இருக்காது. இந்த வேலைக்குக் கால்வேகம் ஓரளவுக்கு மேல் தேவையில்லை. எதிராளி அடுத்து என்ன செய்வார் என்கிற முன்னறிவுதான் தேவை. அது வயதோடு கூடுவது.

2018இல் அஹ்சானும் அவரும் திரும்பச் சேர்ந்தார்கள். அடுத்த ஆண்டு முகாமின் முழு உறுப்பினர்களாக இல்லாமல், சொந்தப் பொறுப்பில் போட்டிகளுக்குப் போய், பயிற்சிக்கு மட்டும் சிபாயுங் வந்தார்கள். 2019 ஆல் இங்கிலாந்து அரையிறுதியில் ஹென்ட்ராவின் கெண்டைக்கால் தசை பிடித்துக்கொண்டது. மறுநாள் இறுதி ஆட்டத்தில் நொண்டியபடி நெட்டருகே நின்றார். மீதிக் களத்தை அஹ்சான் ஓடி ஓடிக் காத்தார். முதல் கேமை 11–21 என்று இழந்தும் மலேசியாவின் ஆரோன் சியா – சோ வூய் யிக்கை வென்றார்கள். ஆகஸ்டில் பாசெல் நகரில் உலகப் பட்டம். இறுதி ஆட்டத்தன்று ஹென்ட்ராவுக்கு முப்பத்தைந்து நிறைந்தது. ஆண்டு முடிவில் உலகச் சுற்று இறுதிப் போட்டியும் அவர்களுக்கே.

இந்தப் பாதி உள்ளே, பாதி வெளியே ஏற்பாடுதான் மொத்தக் கதையில் என்னை அதிகம் ஈர்ப்பது. முகாமின் ஆடுகளமும் எதிராளிகளும் கிடைக்கின்றன; யாரோடு ஆடுவது என்ற உரிமையும் கைவிட்டுப் போகவில்லை. இன்னொரு சான்றும் உண்டு. ஹென்ட்ராவைப் பிரிந்த கிடோ, முகாமைவிட்டு விலகியிருந்த மார்கஸ் கிடியோன் என்ற இளைஞரைச் சேர்த்துக்கொண்டு 2013இல் பிரெஞ்சு ஓப்பனை வென்றார். பின்னால் முகாமுக்குத் திரும்பிய கிடியோன்தான் கெவின் சஞ்சயாவோடு சேர்ந்து பல ஆண்டுகள் உலகின் முதலிடத்தில் இருந்தார். (கிடோ 2021 ஜூனில் பாட்மின்டன் ஆடிக்கொண்டிருந்தபோதே மயங்கி விழுந்து இறந்தார். வயது முப்பத்தாறு.) ஆக, முகாம் கொண்டாடும் இரண்டு பெரிய ஜோடிகளிலும் வெளியே போய் அடிபட்டு வந்த ஒருவர் இருக்கிறார். போனவர்களுக்குக் கதவை அடைக்காமல் வைத்திருந்ததைச் சங்கத்தின் நற்குணமாகவே எழுத வேண்டும்.

முகாமுக்கு வயதானவர்கள் கண்ணிலேயே படமாட்டார்கள் என்றும் சொல்லிவிட முடியாது. மகளிர் இரட்டையர் ஆட்டக்காரர் கிரேசியா பொலியின் ஜோடி நித்யா காயத்தால் விலகியபோது, ஓய்வை நினைத்துக்கொண்டிருந்த கிரேசியாவிடம் பயிற்சியாளர் எங் ஹியான் பத்தொன்பது வயது அப்ரியானி ரஹாயுவை ஒப்படைத்தார். டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வந்தபோது கிரேசியாவுக்கு முப்பத்து மூன்று. ஆனால் இது ஒரு பயிற்சியாளரின் கண். அவர் இடத்தில் வேறொருவர் இருந்திருந்தால் கிரேசியா வீட்டுக்குப் போயிருப்பார். ஆளை நம்பி ஓடும் நன்மையை வழக்கத்தின் நன்மையாக வரவு வைக்க எனக்கு மனமில்லை.

தரவரிசை ஜோடிக்குத்தான், ஆளுக்கு அல்ல. அதனால் பிரிக்கப்படும் இருவரும் சேர்ந்து ஏறிய உயரம் அங்கேயே நின்றுவிடுகிறது. ஒலிம்பிக்குக்கு ஒரு நாட்டிலிருந்து அதிகபட்சம் இரண்டு ஜோடிகள் என்பதால் நெருக்கடி இன்னும் கூடும். டோக்கியோவுக்குக் கெவின் – கிடியோனும் ஹென்ட்ரா – அஹ்சானும் போக, முன்னணியில் இருந்தும் ஃபஜர் – ரியான் வீட்டில் இருந்தார்கள்.

அந்த ஃபஜர் – ரியான் பின்னர் உலக முதலிடத்துக்கு வந்து, 2023லும் 2024லும் ஆல் இங்கிலாந்தை வென்றவர்கள். 2023 இறுதி ஆட்டத்தில் தோற்கடித்ததே ஹென்ட்ரா – அஹ்சானைத்தான். 2025 ஜூலையில் குழந்தைப் பிறப்பையொட்டி ரியான் விடுப்பில் இருந்தார். தற்காலிகமாக ஷோஹிபுல் ஃபிக்ரியை ஃபஜரோடு இறக்கினார்கள். அவர்கள் சீன ஓப்பனை வென்றார்கள். தற்காலிகம் நிரந்தரமானது. ரியானுக்கு ரஹ்மத் ஹிதாயத் ஜோடியாக்கப்பட்டார். வெற்றி வந்ததால் முடிவு சரி என்பவர்கள் 2012ஐக் காட்டுவார்கள். 2012இல் ஹென்ட்ரா – கிடோ ஒலிம்பிக் வாய்ப்பையே தவறவிட்டிருந்தார்கள். பிரிக்கக் காரணம் இருந்தது. இங்கே பிரிந்தது ஆல் இங்கிலாந்தை அடுத்தடுத்து வென்ற ஜோடி. ஒருவர் விடுப்பில் இருக்கும்போது முளைத்த ஏற்பாட்டை நிரந்தரமாக்குமுன் இருவரின் சம்மதத்தையும் கட்டாயமாக்குவதும், ஜோடி இழந்தவருக்கு ஓராண்டுக்காவது பெரிய போட்டிகளில் இடம் உறுதிசெய்வதும் சங்கத்துக்குச் செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. 2019இல் ஹென்ட்ராவுக்கும் அஹ்சானுக்கும் கொடுத்த சலுகையை விதியாக எழுதிவைத்தாலே போதும்.