நாலு விநாடிக் கச்சேரி

மராட்டியில் 'ஷிஸ்த்' என்றால் ஒழுங்கு, கட்டுப்பாடு. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பிள்ளைகளை அதட்டும்போது வந்து விழுகிற சொல். நம் ராணுவத்தின் வாய்மொழி இந்தியிலும் அதே 'ஷிஸ்த்' உண்டு. அங்கே அதற்குக் குறி பார்ப்பது என்று பொருள். ஆயுதப் பயிற்சி தரும் உஸ்தாத் 'ஷிஸ்த் லோ' என்றால், கண்ணையும் துப்பாக்கியையும் இலக்கையும் ஒரே கோட்டில் கொண்டுவா என்று அர்த்தம். புனே நகரத்துக்குத் தென்மேற்கே, ஏரியை ஒட்டி இருக்கும் கடக்வாஸ்லாவில் இந்த இரண்டு பொருளும் பக்கத்துப் பக்கத்தில் வாழ்கின்றன. அணைக் கரையில் காந்தா பஜ்ஜி தின்றுகொண்டிருக்கும் குடும்பத்தில் அம்மா பிள்ளையை ஷிஸ்த் இல்லை என்று கடிந்துகொள்வார். அக்கரையில், 1955 ஜனவரியில் திறக்கப்பட்ட தேசியப் பாதுகாப்பு அகாடமியில், ஆயுதம் பழகும் இளைஞர்களுக்கு அதுவே ஒரு பாடம். உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் அமராவதி நகர் சைனிக் பள்ளியில் படித்துவிட்டு இங்கே வரும் நம் ஊர்ப் பையன்கள், ஓர் அணைக் கரையிலிருந்து இன்னோர் அணைக் கரைக்கு வந்து இந்தச் சொல்லைக் கற்றுக்கொள்கிறார்கள்.

இந்த ஒரு சொல்லின் இரண்டு பொருளும் பிரிக்க முடியாமல் கலந்துவிடும் இடம் ஒன்று உண்டென்றால், என் ரசனையில், அது 25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிஸ்டல்.

வரிசையாக ஐந்து இலக்குகள். ஒன்றின் நடுவுக்கும் அடுத்ததன் நடுவுக்கும் 75 சென்டிமீட்டர். 25 மீட்டர் தள்ளி ஒருவர் ஒற்றைக் கையில் துப்பாக்கியோடு நிற்கிறார். கை 45 டிகிரிக்குக் கீழே தாழ்ந்திருக்க வேண்டும். 'அட்டென்ஷன்' என்ற குரல். சிவப்பு விளக்கு. 7 விநாடி மௌனம். பச்சை. கை எழும்பி, இடமிருந்து வலமாகவோ வலமிருந்து இடமாகவோ, இலக்குக்கு ஒன்றாக ஐந்து குண்டு. முதலில் இதற்கு 8 விநாடி தருவார்கள், பிறகு 6, பிறகு 4. ஒவ்வொன்றிலும் இரண்டு தொடர், ஆக 30 குண்டு. இதையே மறுபடி ஒரு சுற்று. 60 குண்டு, 600 புள்ளி.

சங்கீதம் தெரிந்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். உருப்படி ஒன்றுதான், காலப்பிரமாணம் மாறுகிறது. விளம்பத்தில் அழகாகப் பாடுகிற பலர் துரிதத்தில் சொல்லை விழுங்கிவிடுவார்கள். 8 விநாடியில் பத்துப் பத்தாகக் குவிப்பவர் 4 விநாடியில் எட்டுக்கும் ஏழுக்கும் இறங்குவது அதே விழுங்கல்தான்.

அதனால் இந்த விளையாட்டைக் காதால் ரசிக்க வேண்டும் என்பது என் கட்சி. பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்ளுங்கள். புதிதாகப் பழகுபவரின் தொடர் தகரக் கூரையில் விழும் புளியங்காய் போலக் கேட்கும்: இரண்டு சேர்ந்து, ஒன்று தயங்கி, கடைசி இரண்டும் பதறி. தேர்ந்தவரின் தொடரில் முதல் குண்டு நாம் எதிர்பார்ப்பதைவிடத் தாமதமாக வரும். பிறகு நாலும் மணி அடித்தாற்போல ஒரே இடைவெளியில் வரும். 4 விநாடித் தொடரில் முதல் குண்டுக்கே ஒன்றரை விநாடிக்கு மேல் போய்விடுகிறது. மிச்சம் நாலும் தலைக்கு அரை விநாடிக்குச் சற்றே கூடுதலில் முடிகின்றன. மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுப்புக்குக் கொடுத்துவிட்டு, அது சரியாக விழுந்த தெம்பில் மிச்சத்தை நடத்துவது நல்ல பாடகரின் தைரியம். பயந்தவர்தான் முதல் குண்டை அவசரப்படுத்துவார்.

அந்த இடைவெளிக்குள் என்ன நடக்கிறது? குண்டு வெளியேறியதும் துப்பாக்கியின் மூக்கு மேலே துள்ளுகிறது. அது இறங்கி வருகிற வழியிலேயே அடுத்த இலக்குக்கு நகர்ந்தாக வேண்டும். இந்த நகர்வு கையின் வேலையல்ல. ஓர் இலக்கிலிருந்து அடுத்ததற்குத் திரும்ப ஒன்றே முக்கால் டிகிரிகூட வேண்டியதில்லை, ஐந்தையும் கடக்க ஏழு டிகிரிக்குள் போதும். தோளும் கையும் தலையும் ஒரே பொம்மையாக இறுகியிருக்க, இடுப்பு திரும்புகிறது. தேர் ஆடாமல் அச்சு மட்டும் திரும்புவது போல. கையால் வீசுகிறவருக்குக் கண்ணும் துப்பாக்கியும் தனித்தனியே பயணப்பட்டு, ஒவ்வோர் இலக்கிலும் புதிதாகக் கல்யாணம் பேச வேண்டியிருக்கும். அரை விநாடியில் எத்தனை கல்யாணம் பேசுவது?

இங்கே ஒரு கணக்கைச் சொன்னால்தான் ரசனை முழுமையாகும். துப்பாக்கியின் பின்பக்கத்தில் ஒரு பள்ளம், முன்பக்கத்தில் ஒரு மேடு. இரண்டுக்கும் நடுவே அதிகம் போனால் 220 மில்லிமீட்டர்தான் விதி அனுமதிக்கிறது. முன்மேடு பின்பள்ளத்தின் நடுவிலிருந்து ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால், 25 மீட்டரில் குண்டு 11 சென்டிமீட்டருக்கு மேல் விலகும். பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10 சென்டிமீட்டர். நடுவிலிருந்து 5 சென்டிமீட்டர்தான் இடம். அதாவது அரை மில்லிமீட்டர் பிசகினால் பத்து போச்சு. ஆனால் மேடும் பள்ளமும் சரியாகப் பொருந்தியிருக்க, கை முழுசாக ஒரு சென்டிமீட்டர் பக்கவாட்டில் அசைந்தால் குண்டும் ஒரு சென்டிமீட்டர்தான் அசையும். பத்து பத்தாகவே இருக்கும்.

கை நடுங்குவதை இந்தக் கலை மன்னிக்கிறது. கோணம் பிசகுவதை மன்னிப்பதில்லை. அதனால்தான் பயிற்றுநர்கள் இலக்கைப் பார்க்காதே, முன்மேட்டைப் பார் என்று ஓயாமல் சொல்கிறார்கள். முன்மேடு கூர்மையாகத் தெரிய வேண்டும், இலக்கு மங்கலாகக் கரைந்து கிடக்கட்டும். எட்ட இருக்கும் ஆசையை மங்கவிட்டு, கைக்குப் பக்கத்தில் இருக்கும் வேலையைத் தெளிவாகப் பார்ப்பது. ஷிஸ்த் என்ற சொல்லின் மராட்டிப் பொருள் மெல்ல எட்டிப் பார்க்கும் இடம் இது.

நடுக்கத்துக்குப் பயந்தவர் நடுக்கம் நிற்கட்டும் என்று காத்திருப்பார். நேரம் போகும், பிறகு விசையை வெடுக்கென்று இழுப்பார், அந்த இழுப்பில் கோணம் உடையும். நடுக்கத்தை ஏற்றுக்கொண்டவர் கை எழும்பும்போதே விசையில் அழுத்தத்தைத் தொடங்கிவிடுவார். கை இலக்குக்கு வந்து சேரும்போது விசையின் பயணமும் முடிவுக்கு வந்திருக்கும். வேகம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு இதுதான் விடை. விரல் வேகமாக இயங்குவதில்லை. வேண்டாத காத்திருப்பு கழன்று போயிருக்கிறது.

சாதகமும் இதே வழியில்தான் போகிறது. முதலில் குண்டே கிடையாது. காலியாக இருப்பதை இரண்டு முறை பார்த்து உறுதி செய்த துப்பாக்கியோடு, கையை உயர்த்துவது மட்டும். பிறகு உயர்த்தி ஒரு குண்டு, இறக்கு. பிறகு இரண்டு இலக்கு, மூன்று இலக்கு. ஐந்தையும் தொடும் நாள் வெகு தாமதமாக வரும். சரளி வரிசை பாடாமல் வர்ணத்துக்குப் போனவர் எங்கே மாட்டிக்கொள்வாரோ, அங்கேதான் இதைத் தாண்டிக் குதித்தவரும் மாட்டிக்கொள்வார்.

நேரத்தோடு சுடுவதில் வேறு கரானாக்களும் உண்டு. 1976இல் அமெரிக்காவின் கொலம்பியா நகரில் பிறந்த ஐப்பிஎஸ்சி என்ற துப்பாக்கிச் சுடும் அமைப்பின் மரபில், பெற்ற புள்ளியை எடுத்துக்கொண்ட நேரத்தால் வகுத்துவிடுவார்கள். துல்லியத்தை எவ்வளவு விற்று வேகத்தை எவ்வளவு வாங்கலாம் என்று சுடுபவரே தீர்மானிக்கலாம். ஓட்டமும் வளைவும் நிறைந்த அந்த ஆட்டம் கண்ணுக்கு விருந்து. என் மனசு என்னவோ நின்ற இடத்தில் நிற்கும் இந்த 4 விநாடிக்கே திரும்பிவருகிறது. இங்கே பேரம் பேச இடமில்லை. நேரமும் கட்டு, எண்ணிக்கையும் கட்டு.

2012 ஆகஸ்ட் 3, லண்டன். ராயல் ஆர்ட்டிலரி பேரக்ஸ் அரங்கில் நம் ராணுவத்தின் டோக்ரா படைப்பிரிவைச் சேர்ந்த சுபேதார் விஜய் குமார் ஒலிம்பிக் இறுதிச் சுற்றில் நின்றார். இமாச்சலக்காரர், மவ் நகரில் உள்ள ராணுவக் குறிபார்ப்புப் பிரிவில் தேறியவர். அந்த இறுதியில் எல்லாத் தொடரும் 4 விநாடிதான். 9.7 புள்ளியோ அதற்கு மேலோ விழுந்தால் ஒன்று, இல்லாவிட்டால் சுழி. 40 குண்டில் கியூபாவின் லியூரிஸ் பூப்போ 34, விஜய் குமார் 30. வெள்ளி. பல்லைக் கடிப்பதோ முஷ்டியை உயர்த்துவதோ இல்லாமல் அவர் ஒவ்வொரு தொடருக்கும் கையைத் தாழ்த்திப் பச்சை விளக்குக்குக் காத்திருந்த விதம், பதக்கத்தைவிட என் மனசில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

மராட்டிய மண்ணுக்கும் இதில் பங்குண்டு. கோலாப்பூரின் ராஹி சர்னோபத் 2018 ஆசிய விளையாட்டில் பெண்களுக்கான 25 மீட்டர் பிஸ்டலில் தங்கம் வென்றார். அதில் 3 விநாடி பச்சை, 7 விநாடி சிவப்பு, ஒரு பச்சைக்கு ஒரு குண்டு. தாய்லாந்து வீராங்கனையோடு 34இல் சமம். சமநிலை முறிவுச் சுற்றும் சமம். இரண்டாம் முறிவுச் சுற்றில்தான் முடிவு வந்தது.

இந்தக் கலையின் பெரிய ஆசான் ஒரு ராணுவக்காரர்தான். ஹங்கேரியின் காரோலி டாகாச். 1938இல் பயிற்சியின்போது கையெறி குண்டு வெடித்து வலது கை சிதைந்தது. சுட்ட கை அதுதான். இடது கையால் பழகத் தொடங்கி, 1948 லண்டன் ஒலிம்பிக்கிலும் 1952 ஹெல்சிங்கியிலும் இதே ரேபிட் ஃபயரில் தங்கம் வென்றார். கதையைக் கேட்பவர்கள் மனவலிமையைப் புகழ்வார்கள். எனக்கு வேறொன்று தோன்றும். கையை இழந்தவரிடம் வித்தை மிச்சமிருந்தது என்றால், அது கையில் குடியிருக்கவில்லை. எதற்குப் பின் எது, எதில் எவ்வளவு நேரம் என்ற வரிசையில் இருந்தது. அந்த வரிசையை இடது கைக்குச் சொல்லிக்கொடுக்க முடிந்தது.

ஐந்தாம் குண்டு போன பிறகு கவனியுங்கள். நல்ல சுடுநர் கையை உடனே இறக்கமாட்டார். ஆறாவது இலக்கு இருப்பது போல ஒரு கணம் முன்மேட்டைப் பார்த்தபடியே நிற்பார். தம்புரா மட்டும் ஒலிக்கிற அந்தக் கணத்தில், அங்கே நடப்பது குறி பார்ப்பதா ஒழுங்கா என்று மராட்டிக்காரரைக் கேட்டாலும் உஸ்தாத்தைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்.