நாணம் எழுதிய அறிக்கை

ஊர் கூடிற்று. பந்தல் எழுந்தது. மேளம் முழங்கிற்று. தாய்மாமன் சீர்வரிசையோடு வந்தார். பெண்ணின் படம் பொறித்த வண்ணப் பதாகை தெருமுனையில் நின்று, போவோர் வருவோர்க்கெல்லாம் செய்தி சொல்லிற்று. அவள் பருவமடைந்தது அத்தனை பேருக்கும் தெரியும். தன் உடலில் என்ன நேர்ந்தது, ஏன் நேர்ந்தது என்பது ஒருத்திக்கு மட்டும் தெரியாது. அவள்தான் மணையில் அமர்ந்திருந்தாள்!

ஊருக்கு அறிவிக்கலாம், உரியவளுக்கு அறிவிக்கலாகாது! இதுவே நம் நாட்டு நாணத்தின் இலக்கணம்.

இதனை ஏதோ பட்டிக்காட்டுப் பழக்கம் என்று தள்ளிவிட வேண்டாம், தோழர்களே! இதே இலக்கணத்தை அறிக்கையாகவே எழுதி நாடாளுமன்றத்தின் முன் வைத்தவர்கள் உண்டு. மாநிலங்களவையின் மனுக்கள் குழு, திரு. வெங்கைய நாயுடு அவர்களின் தலைமையில் 2009ஆம் ஆண்டு அளித்த அறிக்கையைச் சொல்கிறோம். பள்ளிகளில் பாலியல் கல்வி கூடாது என்பது அதன் தீர்ப்பு. ஆண்டுகள் உருண்டோடிய பின் அதனை இன்று எடுத்து ஆராய்வானேன்? பாலியல் கல்வி என்ற பேச்செழும்போதெல்லாம் பெற்றோர் கூட்டத்திலும் மேடையிலும் கேட்கும் மறுப்புகள் அத்தனையும் அந்த ஓர் ஏட்டில் ஒருங்கே கிடக்கின்றன. மூலத்துக்கு விடையிறுத்தால் முணுமுணுப்புக்கும் விடையிறுத்ததாகும்.

கதை 2005இல் தொடங்குகிறது. மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகமும் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பும் சேர்ந்து வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தன. 2007இல் மகாராட்டிரம், கருநாடகம், மத்தியப் பிரதேசம், குசராத்து முதலிய மாநிலங்கள் அதற்குக் கதவடைத்தன. ஆண்ட கட்சிகள் வெவ்வேறு, அச்சம் ஒன்றே. ஆசிரியர் கையேட்டின் படங்கள் அப்பட்டமாக இருக்கின்றன என்பது பெருங்குறையாகக் கூறப்பட்டது. அக்குறையை நாம் எள்ளி நகையாடவில்லை. எந்த வயதினர்க்கு எந்தப் படம் என்று கேட்பது முறையான கேள்வி. நோயச்சத்தில் பிறந்த அத்திட்டம் உடலை ஆபத்தின் உறைவிடமாகக் காட்டியதே தவிர, உரிமையின் உறைவிடமாகக் காட்டவில்லை என்பது நம் குறையுங்கூட. ஆனால், படம் பொருந்தவில்லையெனில் படத்தை மாற்றுவதா, பாடத்தையே புதைப்பதா? பிழையுள்ள கணக்குப் புத்தகத்தைக் கண்டு கணக்கையே விலக்கியோர் உண்டா?

குழு கூறியவை முதன்மையாக மூன்று. நாட்டின் பண்பாட்டில் பாலியல் கல்விக்கு இடமில்லை என்பது ஒன்று. சான்றோர், ஆன்மிகத் தலைவர், விடுதலை வீரர் ஆகியோரின் வரலாறுகளைப் புகட்டுக என்பது மற்றொன்று. வளரிளம் பருவ வளர்ச்சி பற்றிய பாடங்களை நீக்கி, உயிரியல் நூலில் மேனிலை வகுப்புக்கு முன்னர் வராதவாறு வைத்திடுக என்பது மூன்றாவது.

பண்பாடு! எத்தனை முறை கேட்ட குரல் இது! கல்கத்தாவில் பூல்மணி என்னும் பத்துப் பதினோரு வயதுச் சிறுமி கணவனின் வன்செயலால் மாண்டாள். அதன்பின் 1891இல் இசைவு வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்தச் சட்டம் வந்தபோது, "பண்பாடு போயிற்று" என்று பதறினர். திலகரே எதிர்ப்பின் முன்னணியில் நின்றார். 1929இல் சாரதா சட்டம் பெண்ணின் மண வயதைப் பதினான்கு ஆக்கியபோதும் வைதிகம் அதே கூக்குரலை எழுப்பிற்று. 1947இல் தேவதாசி முறையை ஒழித்தபோதும் எழுப்பிற்று. குழந்தையைக் காக்கச் சட்டம் வரும்போதெல்லாம் இந்தப் பண்பாடு விழித்துக்கொள்கிறது. குழந்தை அழும்போது மட்டும் உறங்கிவிடுகிறது!

எந்தப் பண்பாடு என்றும் கேட்போம். குறளின் 1330 பாக்களில் 250 காமத்துப்பால். அகமென்றும் புறமென்றும் வாழ்வை வகுத்து இலக்கணம் கண்டது தமிழ். அகப்பாட்டு பாலியல் பாடநூல் ஆகாது. அதனை அப்படிக் காட்டுவது புரட்டு. ஆயினும் காதலைப் பேசுவதே இழுக்கு என்று அம்மொழி கருதியதில்லை என்பதற்கு அது சான்று. வைதிகத்தார் வழியிலேயே வருவோம். தேரின் மரச்சிற்பங்களில் செதுக்கியிருப்பவை என்ன? அத்தேரின் வடத்தைச் சிறுவர் கையில் கொடுத்து இழுக்கச் சொல்வார் யார்? தேரில் இருந்தால் தெய்விகம், பாடத்தில் வந்தால் பாவமா?

சான்றோர் வரலாறு வேண்டாமென்று நாம் சொல்லோம். ஆனால் ஏழு வயதுக் குழந்தையை, வீட்டுக்கு வந்துபோகும் உறவினன் தகாத இடத்தில் தொடுகிறான். அக்குழந்தை யாரிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதை எந்த மகானின் வரலாறு கற்பிக்கும்? புராணமோ வேறொன்றைக் கற்பிக்கிறது. வேடமிட்டு வந்த இந்திரனுக்குச் சாபத்தின் தழும்புகளும் கண்களாயின. அவன் மீண்டும் வானுலகாண்டான். அகலிகையோ கல்லாய்க் கிடந்தாள். குற்றம் எவனுடையதாயினும் களங்கம் பெண்ணுடையது என்னும் பாடத்தைத் தலைமுறை தலைமுறையாக நடத்திவிட்டு, பாலியல் கல்வியே நம்மிடம் இல்லை என்கிறார்களே! இருந்தது, ஐயா! பிழையான பாடம்தான் இருந்தது.

மூன்றாவது பரிந்துரைதான் மிகக் கொடியது. மேனிலை வகுப்புவரை பொறுக்கலாமாம். நாட்டின் நிலை அப்போது என்ன? மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளைக் கேட்டது. ஏதேனும் ஒரு வகைப் பாலியல் கொடுமைக்கு ஆளானதாகக் கூறியோர் நூற்றுக்கு 53 பேருக்கு மேல். கொடுமை செய்தவர்களில் பாதிப்பேர் குழந்தைக்கு அறிமுகமானவர்கள், நம்பிக்கைக்குரிய நிலையில் இருந்தவர்கள். பெரும்பாலான குழந்தைகள் எவரிடமும் சொல்லவில்லை. குழு தன் தீர்ப்பை எழுதுமுன் இரண்டாண்டுகளாக நாட்டின் முன் கிடந்த உண்மை இது!

இன்னொரு கணக்கையும் காண்க. 2005-06ஆம் ஆண்டுத் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இருபது முதல் இருபத்து நான்கு வயதுப் பெண்களில் நூற்றுக்கு 47 பேர் பதினெட்டு நிறையுமுன் மணமுடிக்கப்பட்டவர்கள். 2019-21ஆம் ஆண்டு ஆய்விலும் அது 23. அவர்களிடம் சென்று, "மேனிலை வகுப்பில் சொல்லித் தருவோம், காத்திரு" என்பதா? கட்டாயக் கல்விச் சட்டமே பதினான்கு வயதோடு நின்றுவிடுகிறது. அதற்குள் பள்ளியை விட்டுப் பண்ணைக்கும் பட்டறைக்கும் போகும் ஏழைப் பிள்ளைக்கு அந்தப் பாடம் என்றுமே வராது. வெள்ளம் வடிந்த பின் அணை கட்டும் அறிவுடைமை இது!

காலம் அந்த அறிக்கையைத் தாண்டிச் சென்றது. 2012இல் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம் வந்தது. அதன் 43ஆம் பிரிவு, சட்டத்தின் செய்திகளைப் பெற்றோர்க்கு மட்டுமன்றிக் குழந்தைகளுக்கும் தெரிவிக்கும் கடமையை அரசுகள்மீது சுமத்துகிறது. 2024 செப்டம்பர் 23 அன்று, சென்னையில் எழுந்த வழக்கொன்றில் உச்சநீதிமன்றம், பாலியல் கல்வி மேனாட்டுச் சரக்கு என்பது தவறான எண்ணம் என்று உரைத்தது. வயதுக்கேற்ற கல்வியின் தேவையை வலியுறுத்தியது. இக்கல்வியால் இளைஞர் கெடுவர் என்ற அச்சத்தைப் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்த யுனெசுகோவின் வழிகாட்டி நூல் மறுக்கிறது. முறையாகக் கற்றோர் விரைந்து உறவு கொள்வதில்லை; தள்ளிப்போடவே அக்கல்வி துணைசெய்கிறது என்பது அதன் முடிவு.

வயதுக்கேற்ற என்ற சொல்லில்தான் பொருளெல்லாம் அடங்கியிருக்கிறது. ஐந்து வயதுக் குழந்தைக்குக் கருத்தடை பற்றிச் சொல்வாரில்லை. தன் உறுப்புகளின் பெயர், தன் உடல் தன்னுடையது, பிடிக்காத தொடுதலை மறுக்கலாம், நம்பிய ஒருவரிடம் சொல்லலாம்: இவ்வளவே அதன் பாடம். 1098 என்ற எண்ணைச் சுவரில் எழுதியாயிற்று, நன்று. ஆனால் உறுப்பின் பெயரே அறியாத குழந்தை அழைத்து என்ன சொல்லும்? ஒன்பது, பத்து வயதில் பருவமாற்றம். குருதியைக் கண்டு நடுங்குவதற்கு முன்னர், பின்னரன்று! அதன்பின் இசைவு, மதிப்பு, பொறுப்பு. மேல்வகுப்பில் கருத்தடை, நோய்த்தடுப்பு, சட்டம். இப்பாடங்கள் பெண்களைத் தனியே அழைத்துக் காதோடு காதாகச் சொல்லி முடிப்பன அல்ல. மாதவிலக்கு தீட்டன்று, இயற்கை என்பதை ஆண்பிள்ளை அறிந்தாலன்றிக் கேலி நிற்காது. மறுப்பு என்றால் மறுப்பே என்பதை அவன் கற்றாலன்றிக் கொடுமை நிற்காது.

ஆணென்றும் பெண்ணென்றும் மட்டும் பிரித்துவிட்டால் பாடம் முடிந்துவிடாது. 2008இல் திருநங்கையர்க்கு நலவாரியம் கண்டது தமிழ்நாடு. 2014இல் உச்சநீதிமன்றம் அவர்தம் பால் அடையாளத்தை உரிமையென ஏற்றது. ஆயினும் 2021இல், திருநர் குழந்தைகளைப் பள்ளியில் அரவணைப்பது பற்றி ஆசிரியர்க்கென எழுதிய கையேட்டை வெளியிட்ட தேசியக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் குழு, எதிர்ப்பெழுந்ததும் சில நாட்களில் விலக்கிக்கொண்டது. கையேடு விலகிற்று, வகுப்பில் அக்குழந்தை இருந்துகொண்டுதானே இருக்கிறது?

பிறரைச் சாடியது போதும். நம் வீட்டுக்குள் வருவோம். 1929இல் செங்கற்பட்டு மாநாட்டில் பெண்ணின் மணவயது பதினாறுக்கு மேலாகட்டும், சொத்தில் சமபங்கு வேண்டும் என்று தீர்மானித்தது சுயமரியாதை இயக்கம். கருத்தடை என்ற சொல்லை உரக்கச் சொல்லவே நாடு கூசிய காலத்தில், பெண்ணின் விடுதலைக்காக அதனை மேடையேற்றினார் பெரியார். அவர் படத்தை முன்மண்டபத்தில் மாட்டிவிட்டு, உள்ளே மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா நடத்தும் தோழர் எத்தனை பேர்! எட்டாம் வகுப்பு அறிவியல் நூலில் வளரிளம் பருவப் பாடம் இருக்கிறது. பத்தாம் வகுப்பில் இனப்பெருக்கப் பாடம் இருக்கிறது. "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று பக்கத்தைப் புரட்டும் ஆசிரியர்களில் நம் கூட்டத்துக்குக் கைதட்டியவர் இல்லையென்று உறுதி கூற முடியுமா? டில்லிக் குழு எழுதிய அறிக்கையைத் தாளில் கண்டு சீறும் நாம், அதனை வீட்டில் நாள்தோறும் நடைமுறைப்படுத்தி வருகிறோம்!

ஆகவே, தோழர்களே, பணியைப் பந்தலிலிருந்தே தொடங்குவோம். அந்தப் பதாகையின் செலவில் ஒரு நல்ல நூலை வாங்கி மகள் கையிலும் மகன் கையிலும் கொடுப்போம். பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்று, "அந்தப் பாடத்தை நடத்தினீர்களா?" என்று கேட்போம். நடத்தத் துணியும் ஆசிரியைமீது பழி பாயும்போது அவர் பக்கம் நிற்போம். நாணம் எழுதிய அறிக்கைக்கு நாம் எழுதும் மறுப்பு, பருவம் வருமுன்னரே தன் உடலை அறிந்துகொண்ட ஒரு பெண்ணாக இருக்கட்டும். அவளைக் கேலி செய்யாத ஓர் ஆண்பிள்ளையாகவும் இருக்கட்டும்!